காய்ந்தால் என்ன நிறம்: மசட்லானில் ஐந்து நாள்

முதல் நாள், ஜனவரி 24, 2024, புதன்

ஃபீனிக்ஸிலிருந்து மசட்லானுக்கு விமானத்தில் இரண்டு மணி நேரம்தான். இறங்கியதும் கடிகாரத்தைத் திருப்பி வைக்கிற வேலையும் இல்லை. அரிசோனாவுக்கும் மெக்சிகோவின் சினலோவா மாநிலத்துக்கும் வருடம் முழுக்க ஒரே நேரம். அம்மா மதுரையிலிருந்து வந்து இரண்டு மாதமாகிறது. "எங்கிட்டுப் பாத்தாலும் கள்ளியும் பொட்டலுமா இருக்கேடி, கண்ணுக்குக் குளிர்ச்சியா ஒண்ணும் இல்லையா?" என்று தினம் ஒரு தடவையாவது கேட்டுவிடுவாள். அதற்காகத்தான் இந்தப் பயணம். (செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு மெக்சிகோவின் தனி விசா தேவையில்லை. எப்படியும் கேட்பீர்கள், இப்போதே சொல்லிவிட்டேன்.)

மசட்லான் பசிபிக் கரைத் துறைமுகம், கடக ரேகைக்குச் சற்றே தெற்கே. நாவாட்ல் என்ற மெக்சிகோப் பூர்வகுடி மொழியில் மான்கள் உள்ள இடம் என்று பொருள். வடபக்கம் முழுக்கப் பெரிய ஓட்டல்கள், நீச்சல் குளங்கள். நான் பிடித்தது தென்பக்கத்துப் பழைய ஊருக்குள், பிளாசுவேலா மச்சாடோ என்கிற சதுக்கத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஒரு பழைய வணிகர் வீட்டைப் பத்துப் பன்னிரண்டு அறைகளாக்கிய சின்ன விடுதி. பெயர் சொல்லப்போவதில்லை. ஏனென்றால் வந்த அரை மணியிலேயே சண்டை.

தெருவைப் பார்த்த பால்கனி அறைக்குப் பணம் கட்டியிருந்தேன். கொடுத்தது உள்ளறை. ஜன்னல் ஒன்றே ஒன்று, அதுவும் முற்றத்தைப் பார்த்து. வரவேற்பில் இருந்த பையன் கணினியைக் காட்டி ஸ்பானிஷில் என்னவோ சொல்ல, நான் கைபேசியில் மொழிபெயர்ப்புச் செயலியை நீட்ட, அது "உங்கள் பால்கனி வெள்ளிக்கிழமை பிறக்கும்" என்றது. அதாவது வெள்ளிக்கிழமைதான் காலியாகுமாம்.

நான் அங்கே மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, அம்மா முற்றத்து ஆடும் நாற்காலியில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். "இது நல்லாத்தானே இருக்கு. முத்தம் வச்ச வீடு. தரையைப் பாரு, ஆத்தங்குடிக் கல்லு கணக்கா." அம்மா சொன்ன பிறகுதான் பார்த்தேன். சிமெண்டில் அச்சு வைத்துச் செய்த பூக்கல்தான், சிவப்பும் சாம்பலுமாக. வெளிச்சுவர் மஞ்சள்கிழங்கு மஞ்சள். கதவு கடும் நீலம். முற்றத்துச் சுவர் மாதுளம்பூ நிறம், அதில் வரிசையாக ஆளுயரத்துக்கும் மேல் போகும் பச்சைக் கதவுகள். ஒவ்வொரு அறைக்கும் ஒரு நிறம். எங்களுடையது வெளிர் பச்சை.

அறைக்குள் கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் உள்ளங்கை அளவுக்குச் சுரண்டி, அதன்மேல் சின்னக் கண்ணாடி பொருத்தியிருந்தார்கள். முதலில் ஏதோ உடைந்த இடம் என்றுதான் நினைத்தேன். கிட்டே போய்ப் பார்த்தால், படிப்படியாகச் சுரண்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு படியிலும் ஒரு நிறம். அடியில் சுண்ணாம்பு வெள்ளை, மேலே காவி, அதன்மேல் வானநீலம், மறுபடி வெள்ளை, அழுக்கு ரோஸ், யாரோ கஞ்சத்தனமாக அடித்த சாம்பல், கடைசியாக இன்றைய பச்சை. ஏழு. சண்டை போட்ட கோபம் போகவில்லை, ஆனாலும் படுத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் நாள், ஜனவரி 25, வியாழன்

இன்று தைப்பூசம். அம்மா நாலரை மணிக்கே எழுந்து குளித்துவிட்டாள். வெந்நீர் வரவில்லை, அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, எனக்கு மட்டும் ஒரு பார்வை. ஆறு மணிக்கு இருவரும் ஓலாஸ் அல்டாஸ் கடற்கரைக்கு நடந்தோம். பெயருக்கு உயர்ந்த அலைகள் என்று அர்த்தம், அலையும் அப்படித்தான் இருந்தது. மேற்கே கடலுக்குள் முழு நிலா இறங்கிக்கொண்டிருந்தது, முதுகுக்குப் பின்னால் விடிந்துகொண்டிருந்தது. நம் பக்கத்துக் கடலில் சூரியன் எழுவதைப் பார்த்துப் பழகிய அம்மாவுக்கு இது தலைகீழ். சுவரோரம் நின்று முருகனுக்கு இரண்டு பாட்டுப் பாடினாள். ஓடிக்கொண்டிருந்த ஒருவர் நின்று, கேட்டு, தலையாட்டிவிட்டுத் திரும்ப ஓடினார்.

அப்புறம் சாப்பாட்டுப் பிரச்சினை. விரத நாளில் இந்த ஊர் ஒரு சோதனை. எல்லாவற்றிலும் இறால். பீன்ஸ் மசியல் இருக்கிறதே என்றால், அதைத் தாளிப்பது பன்றிக் கொழுப்பில். கேட்காமல் வாங்கக் கூடாது. கடைசியில் ஒரு சின்னக் கடையில் சோள ரொட்டியும், வெங்காயம் தக்காளியோடு வதக்கிய ஒரு பச்சைக் காயும் கிடைத்தது. எண்ணெயில் வதக்கியதுதானா என்று மூன்று தடவை கேட்டேன். "வெண்டைக்கா மாதிரி வழவழன்னு இருக்கு, ஆனா ஒரு புளிப்பு" என்று சொல்லி அம்மா இரண்டாவது தட்டும் வாங்கினாள். என்ன காய் என்று கேட்டாள். ஊர்க்காய் என்று சொல்லி வைத்தேன்.

பிளாசுவேலா மச்சாடோ 1837-ஐச் சேர்ந்தது. பிலிப்பைன்ஸிலிருந்து வந்த வணிகர் மச்சாடோவின் பெயர். பனை மரங்கள், நடுவில் இரும்பு மேடை, நாலு பக்கமும் கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி நாற்காலிகள். ஒரு தெரு ஒதுங்கினால் ஆங்ஹெலா பெரால்டா நாடக அரங்கம். இந்த ஊரில் ஒரே ஒரு இடம்தான் பார்க்க முடியும் என்றால் அதைப் பாருங்கள். ஆனால் கதை தெரிந்துகொண்டு போங்கள்.

ஆங்ஹெலா பெரால்டா ஐரோப்பிய மேடைகளில் எல்லாம் பாடிய ஓபராப் பாடகி, மெக்சிகோவின் குயில் என்பார்கள். 1883 ஆகஸ்டில் தன் குழுவோடு இந்தத் துறைமுகத்தில் வந்து இறங்கினார். ஊரே திரண்டது. வண்டியிலிருந்து குதிரைகளை அவிழ்த்துவிட்டு ரசிகர்களே இழுத்துப்போனார்களாம். விடுதி பால்கனியில் நின்று கூட்டத்துக்குப் பாடினார். அப்போது ஊருக்குள் மஞ்சள் காய்ச்சல். சில நாட்களில் குழுவில் 80 பேரில் 76 பேர் போய்விட்டார்கள். ஆகஸ்ட் 30 அன்று அவரும். வயது 38. சாவதற்குச் சற்று முன் படுக்கையிலேயே அவருக்குக் கல்யாணம் நடந்தது. சம்மதமா என்று கேட்டபோது அவருக்கு நினைவு இல்லை, குழுவிலிருந்த இன்னொரு பாடகர் தோளைப் பிடித்துத் தலையை ஆட்டிவிட்டார் என்று சொல்வார்கள்.

அரங்கின் சிவப்பு இருக்கையில் உட்கார்ந்து இதை அம்மாவுக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "தலையை ஆட்டிவிட்டாங்களா?" என்றாள். "எங்க காலத்துல உசுரோட இருக்கிற பொண்ணுக்கே அதைத்தான் பண்ணுனாங்க."

அரங்கத்தின் கதை அதோடு முடியவில்லை. 1874-ல் ரூபியோ அரங்கம் என்ற பெயரில் திறந்தது, பின்னால் சினிமாக் கொட்டகை, குத்துச்சண்டைக் கூடம் என்று இறங்கிக்கொண்டே வந்தது. 1975-ல் ஒலிவியா புயல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. அப்புறம் உள்ளே மரம் முளைத்தது. மரம் என்றால் செடி கொடி இல்லை; பால்கனி அடுக்குகளுக்கு நடுவே கிளை விரித்து நிற்கும் ஆலின வகைப் பெரிய மரம். அப்போது எடுத்த படங்களைப் பார்த்தால் இன்று நாம் உட்கார்ந்திருக்கும் இடம் தோப்பு. ஊர்க்காரர்கள் 1987 வாக்கில் சீரமைப்பைத் தொடங்கி 1992-ல் திறந்தார்கள். சுற்றியுள்ள தெருக்களும் இதே வழியில்தான் மீண்டன. இந்தப் பகுதியைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது 2001-ல். அதனால் இங்கே இருநூறு வருட நிறங்கள் என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். சுவர் பழசு, நிறம் பெரும்பாலும் என்னைவிட இளசு.

மாலையில் கொசு. மஞ்சள் காய்ச்சல் கதை கேட்டபிறகு அம்மா ஓடோமாஸை முகத்தில்கூடப் பூசிக்கொண்டாள்.

மூன்றாம் நாள், ஜனவரி 26, வெள்ளி

பால்கனி பிறந்துவிட்டது! காலையிலேயே மேல்மாடிக்கு மாற்றினார்கள். நீல அறை, இரண்டு ஆள் உயரத்தில் கூரை, பிரெஞ்சுக் கதவு, இரும்புக் கிராதி. நான் ஜெயித்த மாதிரி பால்கனியில் நின்று படம் எடுத்துக்கொண்டேன். இந்த மகிழ்ச்சியின் ஆயுள் பன்னிரண்டு மணி நேரம் என்று அப்போது தெரியாது.

பகலில் புல்மோனியாவில் ஊர்வலம். புல்மோனியா என்றால் ஸ்பானிஷில் நிமோனியா. 1965-ல் இந்தக் கதவில்லாத, நாலாபுறமும் திறந்த குட்டி வண்டிகள் வந்தபோது, சவாரி பறிபோன டாக்ஸிக்காரர்கள் "அதில் போனால் காற்றடித்து நிமோனியா வரும்" என்று கிளப்பிவிட்டார்களாம். வண்டிக்காரர்கள் அந்தப் பெயரையே எடுத்து எழுதிக்கொண்டார்கள். ஷேர் ஆட்டோவின் காற்றும், கல்யாண ஊர்வலத்தின் பாட்டுச் சத்தமும் ஒன்றாகச் சேர்ந்தால் அது. ஏறும் முன் கட்டணம் பேசிவிடுங்கள்.

கடற்கரைச் சாலையில் கார்னிவலுக்காக ராட்சச பொம்மைகளை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். பாதி உடம்புக்கு வண்ணம் அடித்தாயிற்று, மீதி வெறும் வெள்ளை. அடுத்த மாதம் திருவிழா. 1898-லிருந்து நடக்கிறது. பாறை மேலிருந்து குதிப்பவர்களையும் பார்த்தோம். சுமார் 15 மீட்டர் உயரம், கீழே ஆழம் குறைவு. அலை உள்ளே வந்து தண்ணீர் ஏறும் கணத்துக்காகக் காத்திருந்து குதிக்கிறார்கள். ஒரு பையன் இரண்டு கைகளையும் விரித்து, மூன்று அலைகளை வேண்டாம் என்று விட்டு, நாலாவதுக்குக் குதித்தான். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். "பெத்தவ பாத்தா என்ன ஆவா" என்று சொல்லி, கைப்பையில் சில்லறை தேடி, இருந்ததை எல்லாம் அவன் டப்பாவில் போட்டாள்.

ஓலாஸ் அல்டாஸிலேயே பெல்மார் என்ற பழைய ஓட்டல். 1944 கார்னிவலின்போது சினலோவா ஆளுநர் ரொடோல்ஃபோ லோஐசாவைச் சுட்டுக் கொன்றது அதற்குள்தான். உள்ளே எட்டிப் பார்த்தேன். நீலமும் மஞ்சளுமாக அழகான ஓடுகள் பதித்த சுவர். கலங்கரை விளக்கம் இருக்கும் கிரெஸ்டோன் குன்று 157 மீட்டர். அம்மாவின் முழங்கால் அதற்கு ஒப்பாது. பசிஃபிகோ பீர் பாட்டில் லேபிளில் அதே குன்றுதான் இருக்கிறது, ஜெர்மானியக் குடியேறிகள் 1900-ல் இந்த ஊரில் தொடங்கியது. நான் குன்றை அந்த உயரத்திலேயே பார்த்துக்கொண்டேன்.

இரவு பத்தரை. பால்கனிக்குக் கீழே பான்டா வந்தது.

தெரியாதவர்களுக்கு: பான்டா என்பது சினலோவாவின் பித்தளை வாத்தியக் குழு. கிளாரினெட், டிரம்பெட், டிராம்போன், பெரிய தம்போரா மேளம், எல்லாவற்றுக்கும் அடியில் யானை மாதிரி உறுமும் டூபா. நம் ஊர் கல்யாண பேண்டு செட்டை நாலால் பெருக்கிக்கொள்ளுங்கள். யாருக்கோ பிறந்தநாள். பன்னிரண்டு பதினைந்து பேர் ஊதுகிறார்கள். நல்ல இசை, பொய் சொல்ல மாட்டேன். முதல் அரை மணி நேரம் பால்கனியில் நின்று நானும் தாளம் போட்டேன். ஒரு மணிக்கு அடுத்த குழு. டூபாக்காரர் ஊத ஊத பிரெஞ்சுக் கதவின் கண்ணாடி அதிர்ந்தது. இரண்டு மணிக்கு அம்மா போர்வையை முக்காடாகப் போட்டுக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். "ஏண்டி, இந்தப் பால்கனிக்கா அவன்கிட்ட அவ்வளவு சண்டை போட்ட?"

நான்காம் நாள், ஜனவரி 27, சனி

காலையில் வரவேற்புப் பையனிடம் போய், பழைய உள்ளறையே வேண்டும் என்றேன். அவன் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க அவன் பட்ட பாடு தெரிந்தது.

பினோ சுவாரெஸ் சந்தைக்குப் போனோம். 1899-ல் கட்டிய இரும்புக் கூடம். தேங்காய், காய்ந்த இறால், புளி மிட்டாய். புளியில் சர்க்கரையும் உப்பும் மிளகாயும் பிசைந்த அந்த மிட்டாயை அம்மா ஒரு கிலோ வாங்கியிருப்பாள், நான்தான் தடுத்தேன். கொஞ்சம் தள்ளித் தெருவோரத்தில் சாங்கேராக்கள், இறால் விற்கும் பெண்கள். பெரிய தொட்டிகளில் ஐஸ், அளவு வாரியாக இறால், ஆளுக்கொரு குடை. மத்தியானம் அகுவாச்சிலே சாப்பிட்டேன். பச்சை இறாலை எலுமிச்சைச் சாற்றில் போட்டு, வெள்ளரி, சிவப்பு வெங்காயம், சில்தெபின் என்ற மிளகு அளவே உள்ள உருண்டை மிளகாய். வேகவைக்காத இறாலைப் பார்த்து அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காரம் மூளைக்கு ஏறியது. சரி, அதை விடுங்கள். இன்றைக்குச் சொல்ல வேண்டியது வேறு.

திரும்பி வந்தால் எங்கள் அறைக்கு எதிர்ச் சுவரில் வேலை நடந்துகொண்டிருந்தது. அறுபதைத் தாண்டிய ஒரு பெரியவர், தரையிலிருந்து இடுப்பளவு உயரத்துக்கு மாதுளம்பூ நிறச் சுவரைக் கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தார். பூச்சு கொப்புளித்து, தொட்டால் வெள்ளைப் பொடியாக உதிர்ந்தது. "சலீத்ரே" என்றார். உப்பு. கடல் இரண்டு தெரு தள்ளி. நிலத்து ஓதம் உப்பைக் கரைத்து மேலே ஏற்றுகிறது, தண்ணீர் ஆவியாகிறது, உப்பு சுவரிலேயே பூக்கிறது. முந்தைய முறை யாரோ அவசரத்தில் சிமெண்டு பூசி, பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். ஈரத்துக்கு வெளியே வர வழியில்லை. அதனால் உள்ளேயே ஊறி, பெயிண்டைத் தோல் உரிப்பது மாதிரி உரித்துக்கொண்டு வந்துவிட்டது. இப்போது செங்கல் வரை சுரண்டி, சுண்ணாம்புச் சாந்து பூசி, சுண்ணாம்பிலேயே நிறம் கலந்து அடிக்கப்போகிறார். இதை நான் செயலி வழியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளக் கால் மணி நேரமானது. அம்மாவுக்குச் சுவரைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. "உப்புப் பூத்த செவுத்துக்குச் சிமிண்டு பூசுவானா எவனாவது?" என்றாள், தமிழிலேயே, அவரைப் பார்த்து. அவர் ஆமாம் என்று தலையாட்டினார்.

அவர் பக்கத்தில் ஒரு பழைய பெயிண்ட் வாளி. அம்மா எட்டிப் பார்த்தாள். கலங்கிய பச்சைத் தண்ணீர், அதில் மிதக்கும் தட்டை தட்டையான பச்சைத் துண்டுகள். கையை விட்டு ஒன்றை எடுத்தாள். விரலிலிருந்து பிசின் முழ நீளத்துக்கு நூலாக இறங்கியது.

"ஏய், இது சப்பாத்திக்கள்ளிடி!"

நோபால் என்றார் பெரியவர். வெட்டி இராத்திரி முழுக்க ஊறவைத்து, வழவழப்பு இறங்கிய தண்ணீரை வடிகட்டிச் சுண்ணாம்பில் கலந்தால் சுவரில் பிடித்து நிற்கும், கையில் ஒட்டாது. "நாங்க கடுக்காயும் வெல்லமும் ஊறப்போட்டுக் கலப்போம்" என்று அம்மா பதில் சொல்ல, இதை எப்படி மொழிபெயர்ப்பது என்று நான் விழித்தேன். கடுக்காய்க்குச் செயலி என்னவோ ஒரு சொல் கொடுத்தது. அவர் புரியாமல் வெல்லத்தை மட்டும் பிடித்துக்கொண்டார். இங்கேயும் கரும்பு வெல்லம் உண்டு. சுவரை நக்குவது போல் நடித்துக் காட்டினார். அம்மா சிரித்த சிரிப்பில் மேல்மாடியிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார்.

அப்போதுதான் உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. "அம்மா, தைப்பூசத்தன்னைக்கு நீ ரெண்டு தட்டு சாப்பிட்டியே, அதுவும் இதுதான்." முள்ளை நீக்கி வதக்கினால் காய், ஊறவைத்தால் பசை. அம்மா கையில் இருந்த துண்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். "அங்க வேலிக்கு வச்சிருந்தோமே, ஒருத்திக்கும் தெரியாமப் போச்சே" என்றாள்.

வேலியில் நின்ற அந்தக் கள்ளி நம் ஊர்ச் செடி இல்லை என்பதுதான் வேடிக்கை. இந்தக் கள்ளியின் தாயகம் அமெரிக்கக் கண்டங்கள். மெக்சிகோவின் கொடியில் கழுகு உட்கார்ந்திருப்பது நோபால் மேல்தான். இதில் வாழும் கொச்சினியல் பூச்சியிலிருந்து எடுத்த சிவப்புச் சாயம், ஸ்பானியர் காலத்தில் வெள்ளிக்கு அடுத்தபடி இந்த நாட்டுக்குப் பணம் கொட்டிய சரக்கு. அந்தச் சிவப்பின் மேல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களுக்கும் ஆசை. 1780-களின் கடைசியில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கம்பெனி மருத்துவர் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார். சாயம் தேறவில்லை. கள்ளி மட்டும் நம் பொட்டல்களில் பெருகி விளைநிலத்தை விழுங்கியது. 1926-ல் இலங்கையிலிருந்து இன்னொரு கொச்சினியல் வகைப் பூச்சியைக் கொண்டுவந்து விட்டுத்தான் அடக்கினார்கள். இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். பாதியில் நிறுத்திவிட்டு, பெரியவர் சாந்து பூசுவதைப் பார்க்கப் போய்விட்டாள்.

இரவு உள்ளறை. பான்டா எங்கோ தூரத்தில், டூபா மட்டும் தரை வழியாக வந்தது. நன்றாகத் தூங்கினோம்.

ஐந்தாம் நாள், ஜனவரி 28, ஞாயிறு

பதினொன்றரைக்கு விமான நிலைய வண்டி. ஏப்ரல் 8 அன்று முழுச் சூரிய கிரகணம் இந்த ஊரில் தெரியும். அதற்கு இந்த விடுதியில் ஓர் அறைகூட இல்லையாம், உள்ளறையும் போயாயிற்று. பில்லில் பால்கனிக்கான கூடுதல் பணத்தைக் கழித்திருந்தார்கள், நான் கேட்காமலேயே. சரி, பெயரைச் சொல்லியிருக்கலாமோ என்று இப்போது தோன்றுகிறது.

ஞாயிறு என்றும் பாராமல் பெரியவர் வந்திருந்தார். கார்னிவலுக்குள் முடிக்க வேண்டுமாம். காலையில் தண்ணீர் தெளித்து நனைத்த சுவரில் முதல் கை சுண்ணாம்பு ஏறியிருந்தது. இப்போது நிறம் கலந்த இரண்டாம் கை. அகலத் தூரிகையைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்தார். ஈரத்தில் அது ஆட்டு ஈரல் மாதிரி கருஞ்சிவப்பு, மேலே இருந்த பழைய மாதுளம்பூ நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கலவை தப்பிவிட்டதோ என்று எனக்குப் பதற்றம். அம்மா பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, சுவரோரம் உதிர்ந்து கிடந்த பழைய சில்லு ஒன்றைப் பொறுக்கிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள்.

"சுண்ணாம்பு காயக் காய வெளுக்கும்" என்றாள் என்னிடம். பிறகு அவரைப் பார்த்து, சுவரைக் காட்டி, உள்ளங்கையை விசிறி மாதிரி ஆட்டிக் கேட்டாள். "காய்ஞ்சா என்ன நிறம் வரும்?"

அவர் தூரிகையை வாளி விளிம்பில் வழித்தார்.

"மஞ்ஞானா" என்றார். நாளைக்கு.

வெளியே வண்டிக்காரர் ஹாரன் அடித்தார்.